இடது பெடல்

குழுவிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. ஜெசிந்தா அதை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதே அர்த்தம்தான் வந்தது.

‘விமானத்தில் நிழல் ஸ்விட்ச் பொருத்த அனுமதிக்கப்படுகிறது. பொருத்தப்பட்ட ஸ்விட்சை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.’

“அண்ணாச்சி, இங்க வாங்க. இதைப் படிங்க. எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா, இல்ல அவங்களுக்கு மண்டை கெட்டுப் போச்சா?”

சென்னியப்பன் நெற்றியில் ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். ஐம்பத்தெட்டு வயது. பெருந்துறைப் பக்கம். தும்பி விமானத்தை முதல் கோட்டிலிருந்து வரைந்தவர். எதற்கும் பதறாதவர். ஜெசிந்தாவின் தினசரி எரிச்சலில் பாதி அந்தப் பதறாமையால்தான்.

“போச்சாதுங்க அம்மணி, விடுங்க. போன மாசம் ஸ்விட்சே கூடாதுன்னாங்க. இப்ப வெச்சுக்கலாம்கறாங்க. முன்னேற்றந்தானுங்க.”

“அணைக்கக் கூடாத ஸ்விட்சுக்குப் பேரு ஸ்விட்சா? பதினோரு மாசம், இருபத்திரண்டு லெட்டர். இதுக்கு நான் மாதா கோயில்ல மெழுகுவத்தி கொளுத்தியிருந்தா இந்நேரம் காரியம் நடந்திருக்கும்.”

தேரிமேடு விமானத்தளம் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, சிவப்பு மணல் தேரிகளைச் சமன்படுத்திக் கட்டியது. கரையோர வான்காவல் படையின் விமானிகள் அத்தனை பேரும் இங்கேதான் முளைக்கிறார்கள். முளைப்பது தும்பியில். ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒற்றை ப்ரொபெல்லர், முன்சீட்டில் கேடட், பின்சீட்டில் பயிற்றுநர். பின்சீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் தலைமை ஜெசிந்தா பர்னாந்து. வயது நாற்பத்தாறு.

தும்பிக்குள் இன்னொரு ஆளும் உண்டு. அதன் பெயர் நிழல்.

கையுறையிலும் பூட்ஸிலும் நூல் மாதிரி உணரிகள் ஓடும். தசை துடித்ததுமே, கையோ காலோ நகர்வதற்குக் கால் நொடி முன்பே, விமானி என்ன செய்யப் போகிறான் என்று நிழலுக்குத் தெரிந்துவிடும். சரியாக இருந்தால் சும்மா இருக்கும். தப்பாக இருந்தால் ஸ்டிக்கையும் பெடலையும் தானே சரியான பக்கம் நகர்த்திவிடும். சத்தம் கிடையாது, விளக்கு கிடையாது. விமானி, தானே செய்ததாக நினைத்துக்கொள்வான்.

நிழல் வருவதற்கு முன்பு பத்துப் பேர் சேர்ந்தால் மூன்று பேர் பாதியில் பெட்டி கட்டுவார்கள். வந்த பிறகு ஒருவர்கூடக் கட்டவில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி. படையின் பயிற்சி விதிகளைப் போடும் குழு தன் கையாலேயே தனக்கு ஒரு கேடயம் கொடுத்துக்கொண்டது.

இன்னும் ஒன்பது நாளில் முப்பத்தெட்டு கேடட்டுகள் இங்கிருந்து ரோந்து விமானங்களுக்குப் போகிறார்கள். அவை பெரியவை, இரட்டை எஞ்சின். நிழல் கிடையாது.

போன வருஷம் அப்படிப் போனவர்களின் இரண்டு விமானங்கள் தரையை விட்டுக் கிளம்பும்போதே விழுந்தன. இரண்டிலும் ஒரு எஞ்சின் நின்றது. நின்ற பக்கம் மூக்கு திரும்பும். எதிர்ப்பக்கப் பெடலை மிதித்தால் நேராகிவிடும். பாடப் புத்தகத்தில் நாலாவது பக்கம். யாரும் மிதிக்கவில்லை. ஐந்து பேர் செத்துப் போனார்கள். விசாரணை அறிக்கை ‘மனிதத் தவறு’ என்று எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது. ஐவரில் இருவர் ஜெசிந்தாவின் முன்சீட்டில் பறந்தவர்கள். மதிப்பெண் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு.

அந்த மதிப்பெண் யாருடையது? ஐவருக்கும் எட்டாம் நாள் பூசையில் உட்கார்ந்திருக்கும்போது முதன்முதலாக அவளுக்குள் எழுந்த கேள்வி அது. அன்றிலிருந்து அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நிழலை அணைத்துவிட்டு இந்தப் பிள்ளைகளை ஒருமுறை பறக்க விட்டுப் பார்க்க வேண்டும். முடியாதவர்களுக்கு இருபது மணி நேரம் கைப்பழக்கம் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும்.

அவள் போனை எடுத்தாள்.

“கிருபாநிதி சார், ஜெசிந்தா பேசுதேன். அணைக்கக் கூடாதுன்னா எதுக்கு சார் ஸ்விட்ச்?”

“மேடம், நீங்க கேட்டது ஸ்விட்ச். குடுத்துட்டோம்.” குழுத் தலைவரின் குரலில் எப்போதும் ஒரு ஏசி அறையின் குளிர்ச்சி இருக்கும். “அணைக்கறதுக்கு நீங்க தனியா அப்ளை பண்ணலையே.”

ஜெசிந்தா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தாள். சுவரில் எறியலாமா என்று யோசித்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

“இப்ப அப்ளை பண்ணுதேன். வாயாலயே. எழுதிக்கோங்க. ஒன்பது நாள்ல முப்பத்தெட்டுப் பேர் போறாங்க. அதுல எத்தனை பேருக்குக் கால் வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

“ஒரே ஒரு டெஸ்ட் ஃப்ளைட். ஒரே ஒரு கேடட். ரிப்போர்ட்ல ரெண்டு சீட்டோட பதிவும் இணைக்கணும். கண்டிஷன்ஸ் எல்லாம் அனெக்ஸர்ல அனுப்பறேன். படிச்சுட்டு சைன் பண்ணுங்க மேடம்.”

மதியத்துக்குள் வந்தது. மொத்தம் நாற்பத்தொரு பக்கம். ஸ்விட்சுக்கு மேல் மூடி, மூடிக்கு முத்திரை, முத்திரையை உடைக்க இருவர் சாட்சி, சாட்சிகளுக்கு அடையாள அட்டை நகல். ஜெசிந்தா ஒன்பதாவது பக்கம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குத் தாவிக் கையெழுத்துப் போட்டாள்.

“முழுசும் படிச்சுட்டீங்களா அம்மணி?” என்றார் சென்னியப்பன்.

“அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள இந்தப் பிள்ளைங்க ரிட்டயர் ஆயிருவானுங்க. விமானத்தை ரெடி பண்ணுங்க அண்ணாச்சி.”

கேடட்டுகளில் முதல் மதிப்பெண் வாங்கிய யூசுப்பை அவள் தேர்ந்தெடுத்தாள். நல்லவனே தடுமாறினால்தான் குழு நம்பும். காயல்பட்டணத்துப் பையன், இருபத்தொரு வயது, எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் வாய். மறுநாள் காலை ஹாங்கரில் அந்த வாய் சென்னியப்பனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சார், வாசல்ல கம்பத்து மேல நிக்கிற பழைய தும்பியோட ப்ரொபெல்லர் ஒரு பக்கமா முறுக்கி இருக்கு. இது எதிர்ப் பக்கமா முறுக்கி இருக்கு. ஏன் சார்?”

“பரவால்லயே, கண்ணு இருக்குது.” சென்னியப்பன் ப்ரொபெல்லர் இதழை மாட்டைத் தடவுவது போலத் தடவினார். “அது மார்க் ஒண்ணு, தும்பியோட முதல் மாடல். பதினாறு வருசம் முந்தி. வால் கொஞ்சம் கனம் ஜாஸ்தி. சுழல்ல விழுந்தா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வாலை வெட்டி, ரெக்கையோட அடியில பட்டை ஒட்டி, மறுபடி வெட்டி... ஒவ்வொரு தடவையும் இந்தம்மா மேல கொண்டுபோய்ச் சுத்திவிட்டு இறக்கிக் கொண்டுவருவாங்க. இருபத்திமூணு தடவை. கடைசி தடவை மேல ஏறுமுன்ன என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இந்த வாட்டியும் சரியா வரலேன்னா, நான் கீழ வரும்போது நேரா உங்க ஆபீஸ் மேல வாரேன்’னாங்க.”

“ஆபீஸை மாத்திட்டாரு,” என்றாள் ஜெசிந்தா பாராசூட் வாரை இழுத்துக்கொண்டே. “பயந்தாங்கொள்ளி.”

“மார்க் ரெண்டுல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காரணும்னு குழு ஆசைப்பட்டுது. பஸ்சாட்டம் அகலமா வந்துது. யாரும் அதைப் பத்திப் பேசறதில்லை. மார்க் மூணுக்கு எஞ்சின் குடுத்த நாட்டுக்காரன் பாதியில நிறுத்திட்டான். மார்க் நாலுக்கு வேற எஞ்சின். அது எதிர்ப்பக்கமாச் சுத்தும். அவ்வளவுதான் விசயம்.”

“எப்படிச் சுத்தினா என்ன சார்?”

“என்னவா? த்ராட்டிலத் திறந்து எஞ்சினை முடுக்கினா விமானம் ஒரு பக்கமாத் தலையைத் திருப்பும், தம்பி. மார்க் ஒண்ணு இடது பக்கம் திரும்பும், வலது கால்ல மிதிக்கோணும். மார்க் நாலு வலது பக்கம் திரும்பும், இடது கால்ல மிதிக்கோணும்.”

“இது வலது பக்கம் திரும்புதா?” யூசுப் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். “நேராத்தானே சார் போகுது?”

ஜெசிந்தாவும் சென்னியப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதுக்குத்தாம்ல இந்தக் கூத்தே,” என்றாள் அவள். “ஏறு.”

“மேடம் எப்படி மாறினீங்க? வலது காலா இருந்தது திடீர்னு இடது கால்னா?”

“ஒரே நாள். காலையில ஏறினேன், சாயங்காலத்துக்குள்ள கால் பழகிருச்சு. என் ரிப்போர்ட்லயே இருக்கு, போய்ப் படி.”

அது தேரிமேட்டுப் பயிற்றுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவளே வருஷத்துக்கு இரண்டு முறை அவர்களிடம் சொல்வாள். நிழலைச் செய்தபோது அதற்குப் பாடம் ஆனதும் அவள் கைகளும் கால்களும்தான். மார்க் ஒன்றில் முப்பது வயது ஜெசிந்தா பறந்த முந்நூறு மணி நேரப் பதிவைச் சென்னியப்பன் எடுத்து, கால்களை மட்டும் இடம் மாற்றி, நிழலுக்குள் ஊற்றியிருந்தார்.

ஆறாயிரம் அடி. கீழே சிவப்பு மணல், பனங்காடு, அதற்கப்பால் கடல்.

தரை இறங்கப் போகும் வேகத்துக்கு விமானத்தை மெதுவாக்கிவிட்டு, திடீரென்று த்ராட்டிலை முழுக்கத் திறந்து மேலேற வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. முன்சீட்டில் யூசுப் முத்திரையை உடைத்தான், மூடியைத் திறந்தான், ஸ்விட்சை அணைத்தான்.

கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது தேரிமேட்டில் மூன்று முறை சொல்ல வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர், மறுபடி கொடுப்பவர். இரண்டு பேரும் பிடித்திருக்கிறார்கள் என்றோ, இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள் என்றோ ஆகிவிடக் கூடாது.

“யூ ஹேவ் கண்ட்ரோல்.”

“ஐ ஹேவ் கண்ட்ரோல், மேடம்.”

“யூ ஹேவ் கண்ட்ரோல். திற.”

யூசுப் திறந்தான். எஞ்சின் கத்தியது. மூக்கு வலப்புறம் வெட்டியது. யூசுப்பின் கால்கள் பெடல் மேல் இரண்டு செங்கல் மாதிரி கிடந்தன. வலது இறக்கை கவிழ்ந்தது, கடல் தலைக்கு மேலே வந்தது, விமானம் பம்பரமாகச் சுற்றத் தொடங்கியது.

“மேடம், நான் ஒண்ணுமே பண்ணலை!”

“அதுதாம்ல தப்பு! ஐ ஹேவ் கண்ட்ரோல்!”

சுழல் வந்துவிட்டால் ஜெசிந்தாவுக்குக் குழப்பமே கிடையாது. த்ராட்டில் மூடு, சுற்றுவதற்கு எதிர்க்கால், ஸ்டிக் முன்னால். இரண்டு சுற்றில் விமானம் நின்றது. மூவாயிரத்து எண்ணூறு அடி. மறுபடி ஏறினாள்.

“இப்பப் பாரு. ஒரு தடவைதான் காட்டுவேன்.” மெதுவாக்கினாள். த்ராட்டிலை முழுக்கத் திறந்தாள். விமானம் நூல் பிடித்தது போல நேராக மேலே போனது. “பாத்தியா? இடது கால். பொண்டாட்டி பேரு மாதிரி மறக்கவே கூடாது.”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை மேடம்.”

“அதான் பேரும் தெரியலை, காலும் தெரியலை.”

இறங்கும்போது அவள் ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தாள். பதினோரு மாதத்தில் முதல் முறை. முதல் மதிப்பெண் கேடட் நிழல் இல்லாமல் ஒரு த்ராட்டிலைத் திறக்க முடியாமல் சுழலில் விழுந்தான். இனி எந்தக் குழுவும் வாயைத் திறக்க முடியாது.

“அம்மணி, கொஞ்சம் உக்காருங்க,” என்றார் சென்னியப்பன்.

அவர் உட்காரச் சொன்னதே அபசகுனமாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

“ஏன், பதிவு ஏறலையா? ஏறலேன்னு மட்டும் சொன்னீங்க...”

“ஏறிருக்குதுங்க. ரெண்டு சீட்டும் ஏறிருக்குது.” அவர் திரையைத் திருப்பினார். இரண்டு கோடுகள். பச்சைக்கோடு, கால் என்ன செய்யப் பார்த்தது என்பது. வெள்ளைக்கோடு, பெடல் எப்படிப் போனது என்பது. “இது யூசுப்போடது. பச்சை அசையவே இல்லை. இது உங்களுது. நூல் பிடிச்சாப்பல போச்சே, அந்த இடம்.”

வெள்ளைக்கோடு இடப்பக்கம் போயிருந்தது. பச்சை வலப்பக்கம்.

ஜெசிந்தா எழுந்து திரையருகே போனாள். கண்ணாடி போடவில்லை என்பதால் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்தாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது.

“ஒயரை மாத்திக் குடுத்துட்டீங்களா?”

“இல்லீங்க.”

“நிழலைத்தான் அணைச்சாச்சே! யூசுப் முத்திரையை ஒடைச்சான், நீங்களும் நானும் ஏறதுக்கு முன்னாடியே சாட்சிக் கையெழுத்து போட்டோம்!”

“முன்சீட்டுக்குத்தானுங்க அணைஞ்சுது. பின்சீட்டுல பயிற்றுநர் பாதுகாப்புக்காக நிழல் ஓடிட்டே இருக்கோணும்னு குழு போட்டிருக்குது. ஏழாவது இணைப்பு, பக்கம் பதினாலு.” அவர் தயங்கினார். “நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவள் ஒன்பதாவது பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

“சரி. ஒரு நாள் கால் தடுமாறிருக்கும். வயசாகுது. ஒரு நாள்தானே?”

சென்னியப்பன் விரலால் திரையைத் தள்ளினார். பயிற்றுநர்களின் பதிவை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும்படி விதி இல்லை. இன்று அறிக்கைக்காகப் பின்சீட்டுப் பதிவைத் திறந்ததும் பழையது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. போன மாதம். பச்சை வலது, வெள்ளை இடது. போன வருஷம். பச்சை வலது, வெள்ளை இடது. ஒன்பது வருஷம், நாலாயிரத்துச் சொச்சம் தடவை அவள் தரையை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். ஒருமுறைகூடப் பச்சைக்கோடு இடப்பக்கம் போகவில்லை.

“எனக்குத் தெரியாமலா? என் கால் எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க. அதுதானுங்களே நிழலோட சாமர்த்தியம். கால் கிளம்பறதுக்கு முன்னாடியே பெடல் போயிருது. மூளை பெரிய பொய்க்காரிங்க அம்மணி. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து ‘நான்தான் செஞ்சேன்’னு பேரு வாங்கிக்கும்.”

“முதல் நாள்?” என்றாள் ஜெசிந்தா. குரல் இறங்கியிருந்தது. “மார்க் நாலு, முதல் நாள். அன்னைக்கு நிழல் ஓடிச்சா?”

“ஓடுச்சுங்க. அணைச்சுடட்டுமான்னு கேட்டேன். ‘கெடக்கட்டும் அண்ணாச்சி, நான் தப்புப் பண்ணினாத்தானே அதுக்கு வேலை’ன்னு சொல்லிட்டு ஏறிட்டீங்க.”

ஹாங்கருக்கு வெளியே யாரோ விமானம் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அந்த முதல் நாள் சாயங்காலம் அவள் எழுதிய அறிக்கை அவளுக்கு மனப்பாடம். ‘மார்க் நான்குக்கு மாறத் தனிப் பயிற்சி தேவையில்லை. கால் தானாகப் பழகிக்கொள்கிறது.’ அதை வைத்துத்தான் குழு, கேடட்டுகளுக்கு இருந்த இருபது மணி நேரக் கால்பாடத்தை அடித்துவிட்டது. இப்போது அவள் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே இருபது மணி நேரம். பதினோரு மாதமாக அவள் திட்டித் தீர்த்த ஆட்கள், அவள் கையெழுத்தை நம்பியவர்கள்.

ஐந்து பேர்.

“ஒரு வழி இருக்குதுங்க,” என்றார் சென்னியப்பன், திரையைப் பார்த்தபடியே. “பின்சீட்டுப் பதிவு சரியா ஏறலைன்னு எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. யூசுப்போட பக்கத்தை மட்டும் அனுப்புவோம். ஸ்விட்ச் வந்துரும், கால்பாடம் வந்துரும். உங்க பேரும் கெடாது. உங்க பக்கத்தையும் சேர்த்து அனுப்புனோம்னு வெச்சுக்கங்க, ‘ஜெசிந்தாவுக்கே நிழல் வேணும், அப்புறம் என்னத்துக்கு ஸ்விட்ச்’னு மூடிருவாங்க. உங்களையும் தரையில உக்கார வெச்சுருவாங்க.”

அவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் நன்றாகவே நினைத்துப் பார்த்தாள்.

“கால்பாடம் வந்துரும். சரி. யாரு அண்ணாச்சி எடுப்பா?”

“நீங்கதான். பன்னெண்டு பேரும்.”

“பன்னெண்டு பேர் காலும் என்ன லட்சணத்துல இருக்குன்னு பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. அதுவரை தோன்றவில்லை. விரலைத் திரையில் வைத்தார். ஒவ்வொரு பெயராகத் திறந்தார். முதல் பெயருக்கு வலது. இரண்டாவதுக்கு அசைவே இல்லை. மூன்றாவதுக்கு வலது. எட்டாவது பெயரில் நிறுத்திக்கொண்டார். முதன்முதலாக அவர் முகத்தில் பதற்றம் வந்தது. ஜெசிந்தாவுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

“ரெண்டு பக்கத்தையும் அனுப்புங்க,” என்றாள்.

மேலே ஒரு வரி எழுதினாள். ‘கேடட் தோல்வி. பயிற்றுநர் தோல்வி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் அளித்த அறிக்கை தவறானது.’ கையெழுத்துப் போட்டாள். இந்த முறை முழுக்கப் படித்துவிட்டுப் போட்டாள்.

கிருபாநிதி ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார்.

“மேடம், ரிப்போர்ட் வந்துருக்கு. இதுல நீங்களே ஃபெயில்னு எழுதிருக்கீங்களே. டைப்பிங் மிஸ்டேக்கா?”

“இல்ல சார். ஃபெயில்தான்.”

“அப்போ ஸ்விட்ச் வேண்டாம்கறீங்க.”

“இன்னொரு ஸ்விட்ச் வேணும்கறேன். பின்சீட்டுக்கு.”

போனில் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.

“ரொம்ப சீரியஸ் மேட்டர் மேடம். நான் தனியா முடிவெடுக்க முடியாது. குழு கூடணும். அடுத்த கூட்டம் இருபத்தேழாம் தேதி.”

“அதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.”

“குறைஞ்சது இத்தனை பேர்னு கோரம் வேணுமே. ரெண்டு பேர் லீவு.”

“அதுவரைக்கும் என் லைசென்ஸ்?”

“கூட்டம் படிக்காத ரிப்போர்ட் மேல நடவடிக்கை எடுக்க முடியாதே மேடம். ப்ராசஸ் இருக்கு. அதுவரைக்கும் உங்க லைசென்ஸ் செல்லும்.”

“தளத்துப் பராமரிப்புக்காக ஃப்யூஸ் கழட்டறதுக்கு உங்க பர்மிஷன் வேணுமா சார்?”

“அதெல்லாம் உங்க இன்ஜினியர் அதிகாரம். எங்களுக்கு அனுப்பாதீங்க. ஏற்கெனவே ஃபைல் குமிஞ்சு கிடக்கு.”

பதினோரு மாதத்தில் முதல்முறையாக ஜெசிந்தா அந்த மனிதருக்கு மனசார நன்றி சொன்னாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சென்னியப்பன் ஏற்கெனவே ஸ்க்ரூ ட்ரைவரோடு நின்றார்.

“நிழலோட முன்சீட்டு, பின்சீட்டு, ரெண்டு ஃப்யூசுமே கழட்டிடறேனுங்க. ஆறு விமானத்துலயும். எட்டு நாள் இருக்குது.” பிறகு கொஞ்சம் தணிந்து, “மேல யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க?”

“ஆறாயிரம் அடி இருக்கு அண்ணாச்சி. தப்புப் பண்ண அது போதும்.”

மறுநாள் காலை யூசுப்பிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். பின்னால் உட்காருபவருக்கும் தெரியாது என்றாள். இஷ்டமில்லை என்றால் இறங்கிக்கொள்ளலாம் என்றாள்.

யூசுப் தலையைச் சொறிந்தான். “நீங்க சுழல்ல இருந்து எடுத்தது? அதுவும் நிழலா மேடம்?”

“இல்ல. அது நாந்தான். பதிவுல பாத்தேன். பச்சையும் வெள்ளையும் ஒண்ணாப் போயிருக்கு.”

“அப்பச் சரி,” என்று ஏறிக்கொண்டான்.

ஆறாயிரம் அடியில் அவள் முதலில் எடுத்துக்கொண்டாள். மூன்று முறை சொன்னார்கள். த்ராட்டிலைத் திறந்தாள். இடது கால், இடது கால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வலது காலை மிதித்தாள். கடல் தலைக்கு மேலே வந்தது. சுழலிலிருந்து எடுத்தாள். ஏறினாள். மறுபடி வலது கால். மறுபடி கடல்.

“மேடம், இன்னொரு கால்!”

“தெரியும்ல! சும்மா கெட!”

நாலாவது சுழலில் யூசுப்புக்கு வாந்தி வந்தது. ஆறாவதில் அவளுக்கே வரும் போலிருந்தது. காலை மடக்கி அடிக்கலாமா என்று எரிச்சல் வந்தது. நாற்பத்தாறு வயதில் தன் காலோடு தானே சண்டை போடும் ஒரே தலைமைப் பயிற்றுநர். பதினோராவது தடவை கால் வலப்பக்கம் கிளம்பி, பாதியில் நின்று, இடப்பக்கம் வந்தது. மூக்கு ஆடியது, ஒரு இறக்கை தொங்கியது, விமானம் குடித்தவன் மாதிரி கோணலாக மேலே போனது. சுழலவில்லை.

“மேடம்! போயிருச்சு!”

“எங்கேல போச்சு? பாதிதான் போச்சு.” மூச்சு வாங்கியது. “உன் முறை. யூ ஹேவ் கண்ட்ரோல்.”

“ஐ ஹேவ் கண்ட்ரோல்.”

“யூ ஹேவ் கண்ட்ரோல்.”

அவள் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டாள். தும்பியில் முன்சீட்டுப் பெடலும் பின்சீட்டுப் பெடலும் ஒரே கம்பி. முன்னால் மிதித்தால் பின்னாலும் நகரும். கால்களைப் பெடல் மேல் தொட்டும் தொடாமலும் வைத்தாள். மிதிக்காமல் இருப்பது மிதிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

யூசுப் திறந்தான். எஞ்சின் கத்தியது. மூக்கு வலப்புறம் வெட்டத் தொடங்கியது. ஒன்று. ஜெசிந்தா பல்லைக் கடித்தாள். இரண்டு. வலது இறக்கை சரிந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

அப்போது அவள் காலுக்கடியில் இடது பெடல் நகர்ந்தது. தாமதமாக, வெடுக்கென்று, தேவைக்கு மேல் அதிகமாக. அவள் மிதிக்கவில்லை. நிழலும் இல்லை.